விசையும் இயக்கமும்: தர்மபுரி, கிருஷ்ணகிரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒன்பதாம், பத்தாம் வகுப்பு இயற்பியலில் சூத்திரம் மறந்து மதிப்பெண் இழப்பவர்கள் குறைவு. எந்தப் பொருளின் மேல் செயல்படும் விசையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பாதி வழியில் தொலைத்துவிடுபவர்கள்தான் அதிகம். அதனால் கீழே உள்ள விடைகளில் "எந்தப் பொருளின் மேல்?" என்பது திரும்பத் திரும்ப வரும். ஈர்ப்பு முடுக்கம் கீழே உள்ள எல்லாக் கணக்கிலும் 9.8 மீ/வி². வண்டி, மாடு, மாங்காய் ஆகியவற்றின் நிறைகளும் வேகங்களும் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை.

விசை என்றால் தள்ளுவதும் இழுப்பதும் தானா?

ஆமாம். ஆனால் தள்ளுவதற்கு ஒன்று, தள்ளப்படுவதற்கு ஒன்று என எப்போதும் இரண்டு பொருள்கள் வேண்டும். "பந்துக்குள் விசை இருக்கிறது" என்று எழுதினால் தவறு. அடித்த பிறகு பந்துக்குள் இருப்பது உந்தம், அதாவது நிறை × திசைவேகம். மட்டை கொடுத்த விசை, பந்து மட்டையை விட்டு விலகிய கணமே முடிந்துவிட்டது.

மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நிற்கிறதே? அப்படியானால் ஓடுவதற்கு விசை தேவைதானே?

அரிஸ்டாட்டில் சொன்னதும் இதையேதான். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் உலகம் அதை நம்பியது. கலிலியோ அதை மறுத்தார். நியூட்டன் 1687இல் கலிலியோவின் கருத்தையே தன் முதல் விதியாக வைத்தார்: புறவிசை இல்லாவிட்டால் ஓடுகிற பொருள் நேர்கோட்டில் அதே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும்.

சைக்கிள் நிற்பது விசை தீர்ந்துபோனதால் அல்ல, எதிர்விசை இருப்பதால். டயர் தரையில் அழுந்தி நிமிர்வதில் கொஞ்சம், காற்றில் கொஞ்சம், அச்சில் உள்ள குண்டுகளில் கொஞ்சம். இதை நீங்களே சோதிக்கலாம். தார்ச்சாலையில் ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டியதும் மிதிப்பதை நிறுத்தி, எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்து பாருங்கள். டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு மறுபடி செய்யுங்கள். பிறகு உழுத நிலத்தில். மூன்றிலும் நீங்கள் கொடுத்த வேகம் ஒன்றே, நின்ற தூரம் வேறு. ஒரே வேகத்தில் போக மிதிக்க வேண்டியிருப்பது அந்த எதிர்விசையை ஈடுகட்டத்தான். அப்போது சைக்கிளின் மேல் நிகர விசை சுழியம்.

எருது விடும் விழாவில் மாட்டின் வேகத்தை எப்படிக் கணக்கிடுவது?

மாடு 120 மீட்டரை 10 விநாடியில் கடந்தால் சராசரி வேகம் 12 மீ/வி. இதை 18/5ஆல் பெருக்கினால் மணிக்கு 43.2 கிலோமீட்டர். ஆனால் இது மாட்டின் உச்ச வேகம் இல்லை. வாடியிலிருந்து வரும்போது அது சுழியத்தில் தொடங்குகிறது. முதல் சில விநாடிகள் வேகம் கூடிக்கொண்டே வரும், எனவே நடுவில் எங்கோ 12ஐத் தாண்டித்தான் ஓடியிருக்கும்.

கைக்கடிகாரத்தில் நேரம் எடுப்பவர் பார்த்து அழுத்துவதற்குள் ஏறத்தாழ 0.2 விநாடி போய்விடும். 10 விநாடியில் அது 2 சதவீதம். எனவே 9.95, 9.98 என்று விரலால் எடுத்த நேரங்களை வைத்து எந்த மாடு முதல் என்று சண்டை போடுவதில் இயற்பியல்படி பொருளில்லை.

வேகம், திசைவேகம் வேறுபாடு: மாடு திரும்பி அதே இடத்துக்கே வந்துவிட்டால் கடந்த தொலைவு 240 மீட்டர், இடப்பெயர்ச்சி சுழியம். சராசரித் திசைவேகமும் சுழியம்.

நிறையும் எடையும் ஒன்றா?

இல்லை. நிறை என்பது பொருளில் உள்ள பருப்பொருளின் அளவு, அலகு கிலோகிராம். சில புத்தகங்களில் இதற்குப் பொருண்மை என்று இருக்கும். எடை என்பது பூமி அதை இழுக்கும் விசை, அலகு நியூட்டன். 20 கிலோ மாங்காய்ப் பெட்டியின் எடை 196 நியூட்டன். மண்டியில் "எடை 20 கிலோ" என்பது பேச்சு வழக்கு. தேர்வுத் தாளில் அப்படி எழுதக் கூடாது.

மாடு வண்டியை இழுக்கும் அதே அளவு வண்டியும் மாட்டைப் பின்னால் இழுக்கிறது என்றால், வண்டி எப்படி நகர்கிறது?

மூன்றாம் விதியில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. "இரண்டு விசைகளும் சமம், எதிர்த்திசை, ஆகவே கூட்டினால் சுழியம்" என்று தோன்றும். கூட்டவே கூடாது. ஒரு விசை வண்டியின் மேல், மற்றது மாட்டின் மேல். வேறு வேறு பொருள்களின் மேல் உள்ள விசைகளைக் கூட்டுவது, அண்ணன் வாங்கிய கடனைத் தம்பியின் சேமிப்பில் கழிப்பது போன்றது.

எண்ணோடு பார்ப்போம். பாரத்தோடு வண்டி 800 கிலோ. சக்கரத்தில் எதிர்விசை 300 நியூட்டன். இரண்டு மாடுகள் சேர்ந்து 700 கிலோ. நுகத்தடி வழியாக மாடுகள் வண்டியை 700 நியூட்டனில் இழுக்கின்றன.

வண்டியை மட்டும் பாருங்கள். முன்னால் 700, பின்னால் 300, நிகரம் 400. முடுக்கம் 400 ÷ 800 = 0.5 மீ/வி². வண்டி நகர்கிறது.

இப்போது மாடுகளை மட்டும் பாருங்கள். வண்டி அவற்றைப் பின்னால் 700 நியூட்டனில் இழுக்கிறது. அவையும் 0.5 மீ/வி² முடுக்கத்தோடு போக வேண்டும் என்றால் நிகர விசை 700 × 0.5 = 350 நியூட்டன் முன்னோக்கி இருக்க வேண்டும். அப்படியானால் முன்னோக்கி மொத்தம் 1,050 நியூட்டன் எங்கிருந்தோ வரவேண்டும். அது தரையிலிருந்து வருகிறது. மாடு குளம்பால் தரையைப் பின்னால் தள்ளுகிறது, தரை மாட்டை முன்னால் தள்ளுகிறது.

சரிபார்க்க, மொத்தத்தையும் ஒரே பொருளாக எடுங்கள்: 1,050 − 300 = 750. நிறை 1,500 கிலோ. முடுக்கம் 0.5. ஒத்துவருகிறது.

மழை பெய்து சேறானால் வண்டி ஏன் நிற்கிறது என்பதும் இதிலிருந்தே புரியும். மாட்டின் பலம் குறையவில்லை. குளம்புக்கும் தரைக்கும் இடையே அந்த 1,050 நியூட்டன் கிடைக்கவில்லை, கால் வழுக்குகிறது. சக்கரம் புதைவதால் 300 என்பதும் பல மடங்காகிறது.

மேசை மேல் உள்ள புத்தகத்தின் எடைக்கு எதிர்வினை மேசை தரும் விசைதானே?

இல்லை. தேர்வில் அதிகம் பேர் இழக்கும் ஒரு மதிப்பெண் இது. எடை என்பது பூமி புத்தகத்தை இழுப்பது. அதன் எதிர்வினை, புத்தகம் பூமியை இழுப்பது. மேசை புத்தகத்தை மேலே தள்ளுவதற்கு எதிர்வினை, புத்தகம் மேசையைக் கீழே அழுத்துவது. எடையும் மேசை தரும் விசையும் ஒரே புத்தகத்தின் மேல் செயல்படுகின்றன, ஆகவே அவை வினை எதிர்வினை இணை ஆகவே முடியாது. அவை சமமாக இருப்பது புத்தகம் முடுக்கமில்லாமல் இருப்பதால் மட்டுமே.

அதே புத்தகத்தை மேலே கிளம்பும் லிஃப்டில் வைத்தால் அந்தச் சமம் உடைந்துவிடும். 50 கிலோ மாணவர் லிஃப்டில் நிற்கிறார், லிஃப்ட் 1 மீ/வி² முடுக்கத்தில் மேலே கிளம்புகிறது. எடை 490 நியூட்டன்தான். தரை தரும் விசையோ 50 × 10.8 = 540 நியூட்டன். லிஃப்ட் சீரான வேகத்துக்கு வந்ததும் மறுபடி 490.

பரிசலிலிருந்து கரைக்குத் தாவினால் பரிசல் ஏன் பின்னால் போகிறது?

ஒகேனக்கல்லில் பரிசல்காரர் ஒரு கையால் கரைப் பாறையைப் பிடித்துக்கொண்டு "ஒவ்வொருத்தரா இறங்குங்க" என்று சொல்வதற்குக் காரணம் உந்த அழிவின்மை. நிற்கும் பரிசலில் மொத்த உந்தம் சுழியம். 50 கிலோ ஆள் 2 மீ/வி வேகத்தில் கரைப்பக்கம் தாவினால் அவருக்கு 100 கிலோ மீ/வி உந்தம். மீதமுள்ள ஆள்களோடு பரிசல் 100 கிலோ என்றால் அது 1 மீ/வி வேகத்தில் எதிர்ப்பக்கம் நகரும். தாவியவர் கால் எட்டாமல் தண்ணீரில் விழுவது இதனால்தான். பரிசலைப் பாறையோடு பிடித்துக்கொண்டால் அந்த உந்தம் பாறை வழியாகப் பூமிக்குப் போய்விடுகிறது.

துடுப்பை ஒரு பக்கமே போட்டால் பரிசல் சுழல்வது ஏன்? படகு அவ்வளவாகச் சுழல்வதில்லையே?

விசையின் கோடு நடுப்புள்ளி வழியாகப் போகாவிட்டால் பொருள் நகர்வதோடு திரும்பவும் செய்யும். நடுவிலிருந்து 1 மீட்டர் தள்ளி 100 நியூட்டன் கொடுத்தால் திருப்புத்திறன் 100 நியூட்டன் மீட்டர். நீளமான படகு திரும்ப வேண்டும் என்றால் அதன் முனைகள் பக்கவாட்டில் நிறையத் தண்ணீரைத் தள்ள வேண்டும், அது தடுக்கும். வட்டப் பரிசல் சுழலும்போது எதையும் தள்ள வேண்டியதில்லை. நேராகப் போக வேண்டும் என்றால் துடுப்பை முன்பக்கம் போட்டுத் தண்ணீரைத் தன்னை நோக்கி இழுக்க வேண்டும்.

மலைப்பாதை வளைவில் பஸ் திரும்பும்போது யார் நம்மை வெளிப்பக்கம் தள்ளுகிறார்கள்?

யாரும் தள்ளுவதில்லை. வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவில் பஸ் இடப்பக்கம் திரும்புகிறது. உங்கள் உடம்பு நேராகவே போக முயல்கிறது. பஸ்ஸின் வலச் சுவர் வந்து உங்கள்மேல் இடித்து உங்களையும் உள்ளே திருப்புகிறது. உங்கள் மேல் உண்மையில் உள்ள பக்கவாட்டு விசை உட்புறம் நோக்கியது, அதுதான் மையநோக்கு விசை. மையவிலக்கு விசை என்பது பஸ்ஸுக்குள் உட்கார்ந்து கணக்குப் போடுபவர் சேர்த்துக்கொள்ளும் போலி விசை.

அளவு: நிறை × வேகம்² ÷ ஆரம். ஆரம் 15 மீட்டர், வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் (5.56 மீ/வி) என்றால் 50 கிலோ ஆளுக்கு 103 நியூட்டன். வேகத்தை 40 ஆக்கினால் 206 இல்லை, 412 நியூட்டன். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. வளைவில் ஜல்லி சிதறிக் கிடந்தால் டயருக்கு இந்த விசையைத் தரை தர முடியாது. வண்டி நேராகவே போய்விடும்.

மாங்காயைத் தரையில் விழவிடாமல் தொரட்டியில் வலை கட்டிப் பறிப்பது ஏன்?

5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் காய் தரையைத் தொடும்போது வேகம் ஏறத்தாழ 9.9 மீ/வி. 300 கிராம் காய்க்கு உந்தம் 2.97 கிலோ மீ/வி. இந்த உந்தம் சுழியமாக எப்படியும் ஆக வேண்டும். எவ்வளவு நேரத்தில் என்பதுதான் கேள்வி. கெட்டித் தரையில் 0.01 விநாடியில் நின்றால் சராசரி விசை 297 நியூட்டன். கீழே சாக்கை விரித்து நான்கு பேர் பிடித்து, அது தொய்ந்து 0.1 விநாடியில் நின்றால் 30 நியூட்டன். பத்தில் ஒரு பங்கு. அடிபட்ட இடத்தில் தோல் கிழியாவிட்டாலும் உள்ளே சதை நசுங்கி இரண்டு நாளில் கறுக்கும். வலைப்பையில் விழும் காய் விழும் உயரமே ஒரு சாண், அதனால் உந்தமே குறைவு. ஹெல்மெட்டின் உள்ளே தெர்மாக்கோல் இருப்பதும் நேரத்தை நீட்டத்தான்.

கல்லைப் போட்டுக் கிணற்றின் ஆழத்தைக் கண்டுபிடிக்கலாமா?

ஆழம் = 4.9 × நேரம்². 2 விநாடி என்றால் 19.6 மீட்டர். ஒலி மேலே வர எடுக்கும் நேரம் 0.06 விநாடிதான், விட்டுவிடலாம். ஆனால் கைத்தவறை விட முடியாது: 2க்குப் பதில் 2.2 என்று எடுத்துவிட்டால் விடை 23.7 மீட்டர், நான்கு மீட்டர் பிழை. நேரம் வர்க்கப்படுவதால் சதவீதப் பிழையும் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. ஐந்து முறை போட்டுச் சராசரி எடுங்கள். கல்லை எறியக் கூடாது, கையைத் திறந்து விட வேண்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் இதைச் செய்யவே வேண்டாம். உள்ளே ஆள், மோட்டார் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெரிய கல், சின்னக் கல் எது போட்டாலும் நேரம் ஒன்றுதான். 1971இல் அப்போலோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விட்டுக் காட்டினார். காற்று இல்லாததால் இரண்டும் ஒன்றாகத் தரையிறங்கின.

உராய்வைச் செங்கல்லை வைத்து அளப்பது எப்படி?

செங்கல், சணல் கயிறு, ஆய்வகத்தில் இருக்கும் சுருள்வில் தராசு, சிமெண்ட் தரை போதும். முதலில் செங்கல்லைத் தொங்கவிட்டு எடையைக் குறியுங்கள். பிறகு தரையில் வைத்து, தராசைக் கிடையாகப் பிடித்து மெல்ல இழுங்கள். நகரும் முன் முள் எட்டும் உச்சம் ஒன்று, நகர்ந்த பிறகு சீராக நிற்கும் அளவு ஒன்று. முதலாவது பெரும நிலை உராய்வு, இரண்டாவது இயக்க உராய்வு. இரண்டாவது கொஞ்சம் குறைவாக இருக்கும். செங்கல் மேல் இன்னொரு செங்கல் வைத்தால் இரண்டும் ஏறத்தாழ இரட்டிக்கும். செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தினால், தொடும் பரப்பு குறைந்தாலும், பெரிய மாற்றம் இருக்காது.

விடை கெடும் இடங்கள் மூன்று. கயிறு மேல்நோக்கிச் சாய்ந்தால் செங்கல்லைக் கொஞ்சம் தூக்கிவிடுகிறீர்கள், உராய்வு குறைவாகக் காட்டும். வெடுக்கென்று இழுத்தால் முடுக்கத்துக்கான விசையும் சேர்ந்துவிடும். மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை: தராசின் சுழியம் தொங்கவிட்ட நிலையில் அமைக்கப்பட்டது, அதில் கொக்கியின் எடையும் அடக்கம். படுக்க வைத்தால் முள் சுழியத்துக்குச் சற்றுக் கீழே போகும். அந்த வித்தியாசத்தைப் பார்த்துக்கொண்டு கூட்டிக்கொள்ள வேண்டும்.

தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பிரேக் பிடிக்காமல் போவது ஏன்?

தர்மபுரியிலிருந்து சேலம் போகும் பக்கம் அங்கே நீண்ட இறக்கம். 40 டன் லாரி, 100 மீட்டருக்கு 5 மீட்டர் இறங்கும் சரிவு என்று கணக்குக்கு எடுப்போம். எடையில் சரிவு வழியே இழுக்கும் பகுதி 40,000 × 9.8 × 0.05 = 19,600 நியூட்டன். ஒரே வேகத்தில் இறங்க வேண்டுமானால் இறக்கம் முழுவதும் இதே அளவு எதிர்விசை தேவை. உராய்வை விட்டுவிட்டால், மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் லாரியை அரை நிமிடம் பிடிக்காமல் விட்டாலே அது 83ஐத் தொட்டுவிடும்.

பிரச்சினை விசையைவிட ஆற்றலில் இருக்கிறது. உயரத்தில் ஒவ்வொரு 100 மீட்டர் இறங்கும்போதும் 40,000 × 9.8 × 100 = 3 கோடியே 92 லட்சம் ஜூல் வெளியேற வேண்டும். 130 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கும் வெப்பம் அது. பிரேக்கை மட்டும் நம்பினால் இது முழுவதும் பிரேக் டிரம்முக்குள் போகிறது. டிரம்மில் உரசும் பட்டையான லைனிங் சூடேறினால் அதன் உராய்வு எண் (உராய்வு விசை ÷ அழுத்தும் விசை) குறைகிறது. டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகுகிறது. ஓட்டுநர் இன்னும் அழுத்துகிறார், இன்னும் சூடாகிறது. லாரி பிரேக் காற்றழுத்தத்தில் இயங்குவது, விட்டு விட்டு அழுத்தினால் ஒவ்வொரு முறையும் தொட்டியிலிருந்து காற்று செலவாகி அழுத்தமும் இறங்குகிறது.

அதனால்தான் இறக்கம் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு வரச் சொல்கிறார்கள். அப்போது ஆற்றலில் பெரும்பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்கிறது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது அந்த உதவியை அறுத்துவிடும். வேகம் ஏறிய பின் கியர் விழவும் விழாது. மின்னணுக் கட்டுப்பாடுள்ள இன்ஜினில் டீசல்கூட மிச்சமாகாது: கியரில் இறங்கும்போது அது டீசலை நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் சும்மா ஓடக் குடிக்கும்.

பிரேக் போட்டால் வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும்?

பார்த்துப் பிரேக் மிதிக்க 1 விநாடி, காய்ந்த சாலையில் உராய்வு எண் 0.7 என்று கொள்வோம். பிரேக் தூரம் = வேகம்² ÷ (2 × உராய்வு எண் × 9.8). மணிக்கு 40 கிலோமீட்டரில் மொத்தம் 20 மீட்டர். 60இல் 37 மீட்டர். 80இல் 58 மீட்டர். மழையில் உராய்வு எண் 0.4 ஆனால் 60இலேயே 52 மீட்டர் ஆகிவிடும். சூத்திரத்தில் நிறை இல்லை என்பதைக் கவனியுங்கள். டயர் வழுக்கும் எல்லைவரை பிரேக் பிடித்தால் மட்டுமே அது உண்மை. மேலே சொன்ன லாரியில் சூடேறிய பிரேக்குக்கு அந்த எல்லையை எட்டும் சக்தி இல்லை.

கிணற்று ராட்டினம் பளுவைக் குறைக்கிறதா?

ஒற்றை ராட்டினம் குறைக்காது. 10 கிலோ குடத்துக்கு 98 நியூட்டனும், அச்சு உராய்வுக்குக் கொஞ்சமும் இழுத்தே ஆக வேண்டும். ஆனால் மேலே தூக்குவதற்குப் பதில் கீழே இழுக்கலாம், உடம்பின் எடை உதவும். பழைய கவலை ஏற்றத்தில் (மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் முறை) மாடுகள் சரிவில் இறங்கியபடி இழுத்ததும் இதற்காகத்தான்.

தனி ஊசல் ஆய்வில் ஈர்ப்பு முடுக்கம் 10.9 என்று வருகிறது. எங்கே தவறு?

அநேகமாக எண்ணுவதில். குண்டை விடும்போதே "ஒன்று" என்று தொடங்கினால் 20 என்று நிறுத்தும்போது 19 அலைவுதான் முடிந்திருக்கும். 1 மீட்டர் ஊசலுக்கு 20 அலைவுக்கு 40.1 விநாடி வர வேண்டும், உங்களுக்கு 38.1 வந்திருக்கும். "சுழியம்" என்று தொடங்குங்கள். அதுவும் குண்டு நடுக்கோட்டைக் கடக்கும்போது தொடங்குங்கள், ஓரத்தில் அது தயங்கி நிற்பதால் கணம் தெரியாது. நீளத்தைக் குண்டின் நடுவரை அளக்க வேண்டும். 2 செ.மீ. விட்டமுள்ள குண்டுக்கு நூலை மட்டும் அளந்தால் 1 செ.மீ. குறையும், விடையும் 1 சதவீதம் குறையும். விலக்கம் 10 டிகிரிக்கு மேல் போக வேண்டாம், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

கணக்கில் அலகுக்கு மதிப்பெண் குறைகிறது. என்ன செய்வது?

முதல் வரியிலேயே எல்லாவற்றையும் மாற்றி எழுதிவிடுங்கள்: கிராமை 1,000ஆல் வகுத்துக் கிலோகிராம், மணிக்குக் கிலோமீட்டரை 5/18ஆல் பெருக்கி மீ/வி. 36 என்றால் 10, 54 என்றால் 15, 72 என்றால் 20 என்பது மனப்பாடமாக இருந்தால் போதும், தாளில் பெரும்பாலும் இவைதான் வரும். வேகம் குறையும் கணக்கில் முடுக்கத்துக்கு எதிர்க்குறி போட மறக்காதீர்கள்.